நூடுல்ஸ் சாப்ட்டுச்சா?

பாம்புக்கு நூடுல்ஸ் என்று பேர் வைக்க எந்தப் புண்ணியவானுக்காவது தோன்றுமா? ஆவுடையம்மாள் பெற்ற பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது, என்ன செய்ய, அவனவன் படிப்பு அப்படி. அவள் வாய்க்கு அந்தப் பேர் இன்னும் பழகவில்லை. பாம்பு என்றே சொல்லலாம் என்றால் விளக்கு வைத்த பிறகு அந்தப் பேரை எடுக்கக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும், சின்ன வயசிலிருந்து அப்படியே பழகிப்போன நாக்கு. பகலில் நூடுல்ஸ், பொழுது சாய்ந்தால் பூச்சி, ஆக மொத்தம் ஒரு பேரும் நிலைக்கவில்லை அதற்கு, பாவம். இப்போது பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மாடியில் துணி துவைக்கிற கல் மேல், இனி சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்ட அலுமினியக் கிண்ணம், கிண்ணத்தில் வெந்நீர், வெந்நீரில் பிளாஸ்டிக் பை, பைக்குள் ஐஸ் விட்டுக்கொண்டிருக்கிற வெள்ளை எலி. குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் இன்னும் கல்லாக இருந்தது. பாளையங்கோட்டைக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒரு முட்டை இந்த வாசப்படி ஏறியதில்லை, இப்போது எலிக்கென்று ஒரு குட்டி ஐஸ்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. பூட்டு எதற்கு, யார் வந்து திறக்கப் போகிறார்கள்? அதுவும் சரிதான், ஆனாலும் பூட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறுகிறது. பூஜை அலமாரியில் பிள்ளையார் இருக்கிறார். எலி அவருக்கு வாகனம், பாம்பு அவருக்கு அரைஞாண், இரண்டும் அவர் வீட்டுப் பிள்ளைகள். ஒன்றை எடுத்து இன்னொன்றின் வாயில் வைக்கிற பாவம் யார் தலையில் விடியும் என்று அவரிடமே கேட்டுப் பார்த்துவிட்டாள், அவர் தொந்தியும் தானுமாகச் சும்மா இருக்கிறார். இன்றைக்கு வியாழன். இன்றைக்கும் தின்னாவிட்டால் நாளைக் காலையில் தூத்துக்குடியிலிருந்து மகனுடைய சிநேகிதன் ஜெரால்டு வந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவான். தின்றுவிட்டால் அது இந்த வீட்டில் இருக்கும். தண்ணீர் ஆறிவிட்டது, இன்னொரு செம்பு வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

மகன் சைலப்பன் சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கி வளர்த்த ஜந்து அது. ஆப்பிரிக்காப் பக்கத்து மலைப்பாம்பு வகையாம். பேர்தான் மலை, இருக்கிறது அவள் கை நீளம். விஷம் கிடையாது, பயந்தால் கடிக்கக்கூடத் தெரியாது, பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். நெதர்லாந்தில் வேலை கிடைத்ததும், ‘ஜெரால்டுகிட்ட குடுத்திரப் போறேம்மா, அவன் நெறைய வச்சிருக்கான்’ என்று போனில் சொன்னான். அத்தோடு விட்டிருக்கலாம். இவள்தான் வாயைக் கொடுத்தாள். ‘ஏன், இங்க கெடக்கட்டுமே.’ ‘எம்மா, பல்லியப் பாத்தாலே நீ கட்டில் மேல ஏறுவியே!’ ஏறுவாள்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பிள்ளை கப்பலேறின மாதிரி அவ்வளவு தூரம் போன பிறகு, அவன் தொட்டுத் தூக்கிச் சோறு போட்ட ஒரு உயிர் யாரோ ஒருவர் வீட்டில் கிடக்க, இங்கே அவன் அறை காலியாக இருக்க வேண்டுமா? அதை அவனிடம் சொல்ல முடியுமா? ‘மின்சாரம், தண்ணி, காத்து எல்லாம் இங்க நல்லாருக்கு’ என்று என்னத்தையோ உளறினாள். ஜெரால்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வந்த அன்றிலிருந்து அது ஒரு வாய் தின்னவில்லை. பாம்பு வருவதற்கு முன்னால் சைலப்பன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், அதுவும் ஞாபகம் வந்தால். நல்லாருக்கியா, மாத்திரை போட்டியா, வைக்கட்டா. அவ்வளவுதான். இப்போது தினமும். நமக்கு விளக்கு வைக்கிற நேரம் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு, ரொட்டியை மென்றுகொண்டே வீடியோவில் வருவான். ‘சாப்ட்டுச்சா?’ ‘இல்லய்யா.’ ‘தண்ணி?’ ‘குடிச்ச மாதிரி தெரியல.’ ‘போனக் கிட்ட காட்டு, முதுகெலும்பு தெரியுதான்னு பாக்கணும்.’ அவள் போனைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோவாள். அவன் பாம்பைப் பார்ப்பான், அவள் அவனைப் பார்ப்பாள். தாடி வளர்ந்திருக்கிறது. கழுத்தில் ஏதோ கம்பளி சுற்றியிருக்கிறான், அதை யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்? கேட்டால் போனை வைத்துவிடுவான். நீ சாப்ட்டியாம்மா என்று ஒரு நாளாவது? பால்காரன் கேட்கிறான். கீழ்வீட்டுச் செல்லக்கனி கேட்கிறாள். தெருவில் எதிரில் வருகிறவர்கள் பதிலுக்குக் காத்திராமலே கேட்டுவிட்டுப் போகிறார்கள். சரி, பிள்ளைக்கு அத்தனை கவலை ஒரே நேரத்தில் முடியுமா? அதுவும் பாவம் புது ஊர். ஆனால் இந்த எண்ணம் இருக்கிறதே, அது வந்து முள் மாதிரி மாட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது: இது தின்றுவிட்டால் நாளையிலிருந்து எதற்குக் கூப்பிடுவான்? தின்னாவிட்டால் பாம்பே இருக்காது, அப்போது எதற்குக் கூப்பிடுவான்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தின்னட்டும், முதலில் அது தின்னட்டும், பட்டினி கிடக்கிற வாயில்லா ஜீவனை வைத்துக்கொண்டு என்ன நினைப்பு இது, சீ. எலி இப்போது மெத்தென்றாகிவிட்டது. பிள்ளையாரப்பா, பாத்துக்கோ.

இடுக்கியால் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சைலப்பன் அறைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டி, அடியில் தேங்காய் நார்த்தூள், மூலையில் வாய் உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறது, அதற்குள்தான் இருப்பு. மூடியைத் திறந்து எலியைச் சட்டி வாசலில் ஆட்டினாள். ஒரு மூக்கு வந்தது. நாக்கு வந்து போனது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள், அவள் நிழல் சட்டி மேல் விழுந்தது, மூக்கு உள்ளே போய்விட்டது. ‘வா, வா ராசா.’ ஆட்டினாள். வரவில்லை. இந்தப் பக்கம் நீட்டினாள், அந்தப் பக்கம் நீட்டினாள், கண்ணாடியில் நெற்றி இடிக்க முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். சட்டிக்குள் இருட்டில் இரண்டு கண்கள். அதற்கு இமையே கிடையாது என்று ஜெரால்டு சொல்லியிருந்தான், ‘தூங்குறப்பவும் தொறந்துதான் ஆன்ட்டி இருக்கும்.’ கண்ணை மூடிக்கொள்ளக்கூட வழியில்லாத ஒரு பிறவி, அதைப் போய் இத்தனை நாளாக இவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறாள். அது மட்டுமா? முதல் வாரம் சங்கரன்கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கண்ணாடியில் மூன்று கீற்றுப் போட்டு, தண்ணீர்க் கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை கரைத்து வைத்தாள். பாம்பு கடித்தவனுக்குப் பூசுகிற மண்ணைப் பாம்புக்கே பூசிய பொம்பளை ஜில்லாவிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சாயங்காலம் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுகிறவள், திருஷ்டி கழியட்டும் என்று பெட்டியையும் திறந்து புகை போட்டுவிட்டு அப்புறம் எலியை நீட்டினாள். அதைச் சொன்னபோது சைலப்பன் தலையில் அடித்துக்கொண்டான். ‘எம்மா! அது நாக்கால மோந்து பாக்குற ஜீவன். நீ போட்ட பொகையில அதுக்கு எலி எது, எரவானம் எது?’ அன்றோடு நிறுத்திவிட்டாள். புகையை நிறுத்தியதும் பாம்பு வாசம் படி வரைக்கும் எட்டிவிட்டது, ‘என்னக்கா, ஒங்க வீட்டுலருந்து உருளக்கெழங்கு அவிச்ச வாசம் வருது, எங்கியும் பூச்சி கீச்சி இருக்கப் போவுது’ என்று படியில் வைத்துச் செல்லக்கனி கேட்டபோது, ‘உருளக்கெழங்குதான் அவிச்சேன்’ என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ‘சாப்புடுற வரைக்கும் அதக் கையில எடுக்காத, புது எடம், பயந்துக்கும்’ என்று அவனும் சொன்னான், ஜெரால்டும் சொன்னான். அவள் எடுத்தாள். முதல் தடவை நார்த்தூள் மாற்றுவதற்கு, அது நிஜமான காரணம். பயத்தில் பல் கிட்டிப் போயிருந்தது அவளுக்கு. கையில் வந்ததும் அது சுருண்டது, கொஞ்ச நேரம் கழித்து அவிழ்ந்தது, அப்புறம் அவள் மணிக்கட்டைச் சுற்றி ஒரு பிடி பிடித்தது பாருங்கள். குளிர்ச்சியாக, இறுக்கமாக, விழுந்துவிடுவோமோ என்று பயந்து பிடிக்கிற பிடி. இந்தக் கையை ஒரு உயிர் இப்படிப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று! பிரஷர் பார்க்கிற நர்ஸ் பிடிப்பது கணக்கில் சேராது. மறுநாள் காரணம் இல்லாமல் எடுத்தாள். அதற்கு மறுநாளும். அது நடுங்குகிறது என்று தெரிந்தும் எடுத்தாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று. பட்டினிக்குக் காரணம் புது இடம் இல்லை, இவள்தான், அது அவளுக்குத் தெரியாதா என்ன?

‘தின்னேம், ஒரு வாய் தின்னேம்’ என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள், சொன்ன குரல் அவளுடையதாக இல்லை. தென்காசியில் புகுந்த வீட்டுக் கூடத்தில் கேட்ட குரல் அது. ‘தின்னேம்ட்டி.’ மாமியார் சாம்பார் வாளியோடு நிற்கிறாள், பெரிய மைனி தூணில் சாய்ந்து நிற்கிறாள், சின்ன மைனி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புதுப்பெண் வாய்க்கும் இலைக்கும் கை போய் வருவதை விரல்விட்டு எண்ணாத குறை. கல்யாணம் ஆகி வந்த புதிது. பிசைகிறாள், உருட்டுகிறாள், வாயில் வைக்கிறாள், உள்ளே போகவில்லை. ‘என்னட்டி கொறிக்கே? எங்க வீட்டுச் சோறு ஒனக்குத் தொண்டையில எறங்கலையோ?’ அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இலையை மடக்கிவிட்டு எழுந்து போய்விடுவாள், பசி காதை அடைக்கும், கேட்க வாய் வராது. ஒரு மத்தியானம் வீடே கண்ணயர்ந்திருந்தபோது கோமதிநாயகம், அவள் இன்னும் சரியாக ஏறிட்டுக்கூடப் பார்த்திராத அந்தப் புதுப் புருஷன், துண்டுக்கு அடியில் ஒரு தட்டை ஒளித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். காலையில் மிஞ்சிய இட்லி, மிளகாய்ப்பொடி, எண்ணெய். தட்டைக் கீழே வைத்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ‘நான் பாக்கல. நீ சாப்புடு.’ பனியனில் முதுகுப் பக்கம் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டேதான் அவள் தின்றாள், எத்தனை தின்றாளோ அவளுக்கே தெரியாது. ‘முடிஞ்சிட்டா?’ என்று திரும்பாமலே கேட்டார். ‘இன்னும் ரெண்டு இருக்கு.’ ‘அதையும் தின்னு.’ அதற்கப்புறம் அவருக்கு ஒரு ஆயுசு முழுக்கச் சமைத்துப் போட்டாயிற்று. கடைசிக் காலத்தில் அவர் சாப்பிட்டு முடித்தாலும் எழுந்திரிக்கமாட்டார், ஈரக் கையோடு உட்கார்ந்து இவள் தின்று முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார், ‘மோர் ஊத்திக்க, ஊறுகா வச்சுக்க’ என்று. அவுக போன பிறகு அரைக்கால் படி அரிசி இரண்டு நாளைக்கு வருகிறது. அடுப்பு மேடையில் நின்றபடியே இரண்டு வாய், மிச்சத்துக்கு மூடி போட்டுக் குளிர்பெட்டியில். இன்றைக்கும் காலையில் வைத்த ரசச் சோறு அப்படியே இருக்கிறது. அன்றைக்கு எல்லாரும் பார்த்ததால் இறங்கவில்லை, இன்றைக்குப் பார்க்க ஆளில்லாததால் இறங்கவில்லை. தொண்டை என்னவோ அதே தொண்டைதான்.

அவள் இடுக்கியோடு அப்படியே நின்றாள். பிறகு வேகமாகப் போய் எலியை இன்னொரு தரம் வெந்நீரில் முக்கிச் சூடாக்கி, துடைத்து, மண்சட்டி வாசலில் வைத்தாள். ஆட்டவில்லை, கொஞ்சவில்லை. மூடியைப் போட்டாள். பீரோவிலிருந்து பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துப் பெட்டியின் நாலு பக்கமும் மறைத்தாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள். ‘நான் பாக்கல’ என்று சுவரிடம் சொன்னாள். சுவரில் சைலப்பன் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய கிரிக்கெட்காரன் படத்துக்குத் தலை கிழிந்து போயிருக்கிறது. வெளியே குழாயடியில் குடம் வைக்கிற சத்தம். முதுகு கூசுகிறது. மூடி சரியாகப் போட்டோமா? சேலைக்கு அடியால் வெளியே வந்து இடுப்பில் ஏறினால்? ஏறினால் ஏறட்டும், அதாவது வந்து ஏறட்டும். ஜெரால்டு நல்ல பையன், அவனிடம் போனால் நன்றாகத்தான் இருக்கும், அவனுக்கு விஷயம் தெரியும், சாம்பிராணி போடமாட்டான். நாளைக் காலையில் அவன் பெட்டியைத் தூக்கின பிறகு இந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு தடம் இருக்கும். அதைத் துடைத்துவிடலாம். துடைத்த பிறகு? அப்புறம் காப்பி போடுவாள். காப்பி குடித்த பிறகு? பத்து மணிதான் ஆகியிருக்கும். அழுகை வந்தது. சத்தம் போடாமல் அழுதாள், அதிர்ந்தால் அதற்குப் பயம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒன்று கேட்டது, நார்த்தூள் சரசரவென்று சிதறியது, அப்புறம் ஒன்றுமில்லை. அவள் கழுத்து தானாகத் திரும்பப் போனது, பிடித்து நிறுத்தினாள். திரும்பாதே. அவுக திரும்பினாகளா? தலை கிழிந்த கிரிக்கெட்காரனையே பார்த்தாள். அறைக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ‘முடிஞ்சிட்டா?’ என்று மெல்லக் கேட்டாள். பதிலுக்குப் போன் அடித்தது.

எடுக்கிறதற்கு முன்னால் சேலையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். எலி இல்லை. பாம்பின் கழுத்துப் பக்கம் ஒரு புடைப்பு, வாயோரத்தில் எலியின் வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் மெல்ல உள்ளே இழுபட்டது. ஓகோ, இதற்குத்தான் அந்தப் பேரா என்று சிரிப்பு வந்துவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். போனில் சைலப்பன் வாய் நிறைய ரொட்டி. ‘சாப்ட்டுச்சா?’ நாக்கு நுனியில் ஒரு ‘இல்லய்யா’ வந்து நின்றது. ஜெரால்டை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லலாம், ஒரு வாரம் தினமும் இந்த முகம். ஒரு பொய், யாருக்கு என்ன நஷ்டம்? ‘சாப்ட்டுட்டுய்யா’ என்றாள். ‘நெசமாவா!’ அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான், யாரையோ கூப்பிட்டு இங்கிலீஷில் என்னவோ கத்தினான், ‘காட்டு, காட்டு’ என்றான். காட்டினாள். ‘எம்மா, நீ கெட்டிக்காரிம்மா! எப்படிம்மா சாப்புட வச்ச?’ ‘ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் திரும்பி உக்காந்தேன்.’ அவன் அதைக் கேட்டானோ இல்லையோ. ‘ஜெரால்ட வரவேண்டாம்னு சொல்லிர்றேன். இனி ரெண்டு நாளைக்கு அதத் தொடவே தொடாத, என்ன? தனியா விட்டுரு. அதுக்குத் தனியா இருந்தாத்தாம்மா சந்தோஷம்.’ ‘அப்படியா’ என்றாள். ‘இனி கவலையே இல்ல. அடுத்த எலிக்கு நானே கூப்புட்டு ஞாபகப்படுத்துறேன்.’ ‘அது எப்பய்யா?’ ‘பத்துப் பதினஞ்சு நாள் ஆவும். வைக்கட்டா?’ ‘நீ சாப்ட்டியாய்யா?’ ‘சாப்ட்டுட்டுத்தான இருக்கேன், பாக்கலையா நீ?’ என்று சிரித்தான். பார்த்தேன்யா என்று இவள் சொல்லும்போது போனில் அவன் இல்லை, அவள் முகம்தான் தெரிந்தது.

எழுந்து விளக்கேற்றினாள். பிள்ளையாரிடம் எலிக்காக ஒரு கும்பிடு, தனியாக. ரசச் சோற்றை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு அடுப்பு மேடையருகே நின்றவள், தின்னாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு சைலப்பன் அறைக்கு வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். தொடக்கூடாது, தொடமாட்டாள். சேலையை மட்டும் ஒரு சாண் தூக்கி மூடியில் செருகினாள். புடைத்த உடம்பைச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்தது. இமையில்லாத கண் இரண்டும் இவள் பக்கம்தான் இருந்தன. ‘பூச்சி’ என்று கூப்பிட்டாள். ‘நீ திரும்பாண்டாம். பாத்துக்கிட்டே இரு.’ பிசைந்து ஒரு வாய் வைத்தாள். சோறு சில்லென்றிருந்தது, உப்பும் ஒரு கல் கம்மி. இறங்கியது.